முள் தாவினால் எடையைக் குறைக்காதீர்கள்

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் ஐயா சேர்த்து வைத்த எல்பி தட்டுகளைக் கேட்பதற்காகப் புதிய டர்ன்டேபிள் வாங்கி மாடியில் வைத்தேன். முள் அடிக்கடி நடுப்பக்கமாகத் தாவுகிறது. தட்டு தேய்ந்துவிடுமோ என்று முள்ளின் எடையை 1 கிராமாகக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. பெட்டகத்தில், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய ‘78’ தட்டுகளும் இருக்கின்றன. அவற்றையும் இதிலேயே போடலாமா?

பதில்: எடையைக் குறைத்ததுதான் வினை. எடை போதாத முள் வரிப்பள்ளத்தில் உட்காராது. சுவர்களில் மோதித் துள்ளும். தட்டுக்குச் சேதம் வருவது பெரும்பாலும் இதனால்தான். அதற்காக முள்ளின் தலையில் நாணயம் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயமே 3 கிராமுக்கு மேல் இருக்கும்.

முதலில் இடம். மாடி மரத்தளமாக இருந்தால் நடை அதிர்வே முள்ளைத் தூக்கிவிடும். கனத்த சுவரை ஒட்டி வையுங்கள். ஊஞ்சல் தொங்கும் உத்தரத்துக்கு நேர் மேலே வைத்தால் கீழே ஆள் ஆட, மேலே பாட்டும் ஆடும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். சுழலும் தட்டின் மேலேயே ரசமட்டம் வைத்து, இரண்டு திசையிலும் சமம் பாருங்கள். பழைய வீட்டுத் தரையை நம்ப வேண்டாம்.

அடுத்து எடை. ஆன்டி-ஸ்கேட் (முள் உள்நோக்கி இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) திருகைப் பூஜ்யத்தில் வைத்து, முள்ளின் உறையைக் கழற்றுங்கள். முள்ளைத் தாங்கும் கை தானாகக் கிடைமட்டமாக மிதக்கும்வரை பின்முனை எடைக்கட்டியைத் திருப்புங்கள். கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பி, கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் முள் பொருந்தியிருக்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன எடையில் நிறுத்துங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2.5 கிராம்வரை. வரம்பு கொடுத்திருந்தால் நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். கீழ் எல்லை வேண்டாம்.

ஆன்டி-ஸ்கேட்டை அதே எண்ணில் வையுங்கள். தட்டு சுழலும்போது கையை உள்நோக்கி இழுக்கும் விசை ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரிழுப்புதான் இது. உங்கள் முள் நடுப்பக்கமாகவே தாவுவதால், இதையும் மேசைச் சரிவையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ’ ஒலி கிழிந்தால், கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தாள் வைத்துத் திருத்த வேண்டும். ‘ஹும்’ என்று இரைந்தால் எர்த் ஒயரைப் பாருங்கள்.

78 தட்டுகள் உங்கள் பெட்டகத்தில் இருப்பதில் வியப்பில்லை. ஏவி. மெய்யப்பனே சினிமாவுக்கு வருமுன் காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அவற்றை எல்பி முள்ளில் போடாதீர்கள். எல்பி முள்ளின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு வேண்டியது சுமார் 75. சிறிய முள் பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் வாசிக்கும். 78-க்கென்று தனி முள் வாங்கி, எடையை அதற்கேற்ப மறுபடி அமையுங்கள். 33⅓, 45 வேகங்கள் மட்டுமே உள்ள கருவி என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். 78 தட்டுகளில் உள்ள ஷெல்லாக் அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்; ஆல்கஹால் கலந்த திரவத்தால் அந்தத் தட்டுகளைத் துடைக்காதீர்கள்.

சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியும் வீட்டில் இருந்தால், அதில் எல்பியை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்க வேண்டாம். அதன் இரும்பு முள் எல்பியின் வரிகளை உழுதுவிடும்.