மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் கொள்கைகளை வகுப்பதில் சாதாரண உறுப்பினருக்கு என்ன பங்கு இருக்க முடியும்?

கேள்வி கேட்டவர் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம். சந்தா ஒழுங்காகக் கட்டுகிறார், ஆர்ப்பாட்டம் என்றால் போய் உட்காருகிறார். ஆனால் கோரிக்கைகள் அச்சாகி நோட்டீஸாக வந்த பிறகுதான் அவர் கைக்குக் கிடைக்கின்றன. "என் வேலை கூட்டம் காட்டுவது மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்குப் போலியோ, இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்). எங்கள் மாவட்டச் சங்கத்தில் 14 வருடமாக இருக்கிறேன். அதில் 2019 முதல் 2025 வரை செயலாளர். ஆகவே நீங்கள் குறை சொல்கிற அந்த 'மேலே இருக்கிறவர்'களில் நானும் ஒருவனாக இருந்தேன். அங்கே உட்கார்ந்து நான் செய்த கோளாறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019-இல் மாவட்ட மாநாட்டுக்குக் கோரிக்கை சாசனம் தயார் செய்தோம். எழுதியது ஐந்து பேர். ஐவரும் ஆண்கள், ஐவருக்கும் கால்தான் பிரச்சினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து 12 கோரிக்கை எழுதி முடித்தோம். அதில் நான்கு சைடு வீல் வண்டியைப் பற்றியவை: விண்ணப்பித்தவர்களுக்கு வண்டி சீக்கிரம் வர வேண்டும், ரிப்பேருக்கு உதவி வேண்டும், பெட்ரோலுக்கு மானியம் வேண்டும், கலெக்டர் ஆபீசில் வண்டி நிறுத்த நிழல் வேண்டும். எழுதும்போது ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. எங்களுக்கு அதுதானே உலகம்.

டி.டி.பி. சென்டரில் அடித்த தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'கருத்து இருந்தால் தெரிவிக்கவும்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டாயிற்று என்று மனசுக்குள் திருப்தி வேறு. இரண்டு நாள் கழித்து, பார்வையற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அண்ணே, நீங்க அனுப்புனது என் போன்ல 'படம்'னு மட்டும் சொல்லுது. படத்துக்கு நான் என்ன கருத்து சொல்றது?"

சரி என்று டி.டி.பி. கோப்பையே வாங்கி அனுப்பினேன். அது பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அவருடைய திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் படித்துக் கொன்றிருக்கிறது. கடைசியில் என் மகள் உட்கார்ந்து முழுவதையும் யூனிகோடில் தட்டித் தந்தாள். அன்று ராத்திரியே அந்த ஆசிரியரிடமிருந்து ஏழு திருத்தங்கள் வந்தன. தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர் கிடைக்காத பிரச்சினை எங்கள் சாசனத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதை அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

மாநாடு நடந்த கல்யாண மண்டபத்தின் ஹால் முதல் மாடியில். 22 படி. லிப்ட் ரிப்பேர். காலிப்பர் போட்ட நான் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டேன். சக்கர நாற்காலியில் வந்த ஆறு பேரில் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டாம் என்று கீழே சாப்பாட்டு ஹாலிலேயே இருந்துவிட்டார்கள். மேலே சாசனம் 'ஏகமனதாக' நிறைவேறியது. மினிட் புத்தகத்தில் அந்த வார்த்தையை எழுதியவன் நான்தான்.

ஏகமனதில் இன்னொரு ஓட்டை உண்டு. காது கேளாத பெண் உறுப்பினர் ஒருவர் தன் மகளோடு வந்திருந்தார். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண் அவள். மேடையில் பேசுவதையெல்லாம் அந்தச் சின்னப் பெண்தான் காலையிலிருந்து சைகையில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் களைத்துப்போய்க் கைகளை மடியில் போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கை தூக்கியதைப் பார்த்து அந்த அம்மாவும் தூக்கினார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மகள் என்னிடம் வந்து, "மாமா, அம்மா எதுக்குக் கை தூக்குனோம்னு கேக்குறாங்க" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுதி முடியாது.

இந்த விவகாரம் நம்மூரில் மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். 1980-இல் கனடாவின் வின்னிபெக்கில் உலக மறுவாழ்வு அமைப்பின் மாநாடு நடந்தது. மருத்துவர்களும் மறுவாழ்வு நிபுணர்களும் நடத்திய அமைப்பு அது. பிரதிநிதிகளில் பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் வந்தது. 37 பேர் ஆதரவு, 61 பேர் எதிர்ப்பு, தீர்மானம் தோற்றது. வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் அங்கேயே தனியாகக் கூடிப் பேசி, தங்களுக்கென்று ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த வருடம் சிங்கப்பூரில் அதன் முதல் உலக மாநாடு நடந்தது. முதல் தலைவரானவர் சிங்கப்பூரைச் சேர்ந்த பார்வையற்றவரான ரான் சந்திரன்-டட்லி.

மாற்றுத்திறனாளி'களின்' சங்கம், மாற்றுத்திறனாளி'களுக்கான' சங்கம் என்று இரண்டையும் பிரித்துப் பேசும் பழக்கம் இந்த மாதிரிச் சண்டைகளில் வலுப்பட்டதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 4-ஆவது பிரிவு, எங்களைப் பற்றிச் சட்டமோ கொள்கையோ வகுக்கும்போது எங்கள் அமைப்புகளைக் கலந்தே செய்ய வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. அதை விளக்கி 2018-இல் ஐ.நா. குழு வெளியிட்ட ஆவணம், எங்கள் அமைப்பு என்று சொல்லிக்கொள்வதற்கே எங்களில் பெரும்பான்மையோர் உறுப்பினராகவும் நடத்துபவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. கலெக்டர் ஆபீசில் இந்தப் பிரிவைச் சொல்லி எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். அதே கேள்வியை என் சங்கத்துக்குள் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.

அப்புறம் என்ன செய்தோம் என்றால், முதலில் உறுப்பினர் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் நான்கே கட்டங்கள்: கை கால், பார்வை, காது, மனவளர்ச்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடு இருந்தது, 2016 சட்டத்தில் அது 21 ஆனது. எங்கள் படிவம் 1995-க்கும் முந்தி நின்றுவிட்டது. ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத குறைபாடு) உள்ள பையன் ஒருவன் எல்லாக் கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'இதர' என்று எழுதிக் கொடுத்திருந்தான். அவனை வரச்சொல்லிப் பேசியபோது, "2016 சட்டத்துல என் பேரு இருக்கு, ஆனா அந்த 4 சதவீத வேலை ஒதுக்கீட்டுப் பட்டியல்ல ரத்தக் குறைபாடு இல்ல. இங்க வந்தா உங்க படிவத்துலயும் இல்ல" என்றான். அடுத்த சாசனத்தில் அது ஒரு கோரிக்கையாகச் சேர்ந்தது. கட்டம் போட எங்களுக்குச் செலவானது ஒரு பக்க ஜெராக்ஸ்.

பைலா, அதாவது சங்கத்தின் விதிகள், அதைத் திருத்துவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. செயற்குழுவின் 15 இடங்களில் குறைந்தது ஐந்து பெண்களுக்கு, பார்வை, செவி, அறிவுசார் குறைபாடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. 62 பேர் வந்தார்கள், 47 வேண்டும், 41தான் கிடைத்தது. எதிர்த்தவர்கள் எல்லாரும் என் நண்பர்கள். "உழைக்கிறவன் நாங்க, உக்காருறது அவங்களா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். அது முழுக்கத் தப்பான கேள்வியும் இல்லை. அலைய முடிந்தவன்தான் சங்கத்தில் அலைகிறான், அலைகிறவனே நிர்வாகி ஆகிறான். அலைய முடியாதவருக்குப் பயணப்படி கொடுக்கவும், சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கினோம். அடுத்த வருடம் அதே திருத்தம் 58 பேரில் 50 வாக்கோடு நிறைவேறியது.

கை தூக்குகிற முறையையும் மாற்றினோம். இப்போது தலைவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எண்ணுவார், பார்வையற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே. மொழிபெயர்ப்பாளர் சைகையில் முடித்த பிறகுதான் எண்ணவே தொடங்க வேண்டும்.

இதில் எனக்கு இன்னும் விடை தெரியாத இடம் ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பெற்றோர்தான் சங்கத்துக்கு வருகிறார்கள், பேசுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி பாதுகாவலர் சான்று தருகிற, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு ஒழுங்காகக் கூட வேண்டும் என்பது ஓர் அம்மா கொண்டுவந்த கோரிக்கை. நல்ல கோரிக்கை, எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. அவருடைய மகனுக்கு 26 வயது, கூடவே வந்து உட்கார்ந்திருப்பான். ஒரு கூட்டத்தில் அந்தப் பார்வையற்ற ஆசிரியர், "தம்பிகிட்டயும் கேட்டுப் பாப்போமே" என்றார். "உனக்கு என்னப்பா வேணும்?" என்றேன். "வேலைக்குப் போகணும். அம்மா விட மாட்டேங்குது" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை, அம்மாவும் சிரிக்கவில்லை. இரண்டும் சாசனத்தில் இருக்கின்றன, அடுத்தடுத்த வரியில். அவனுக்குத் தனி வாக்கு உண்டா என்பதை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். என் கருத்து, உண்டு.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்டுச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் மறியல் என்றால் இன்று ராத்திரி நான்கு பேர் முடிவெடுக்கத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில், உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்தில் நிறைவேறிய அன்று பத்திரிகைக்காரர் போன் செய்தார். வரவேற்கிறோம் என்று நானாகத்தான் சொன்னேன். நியமனம் என்றால் கட்சிக்காரர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்குமே, தேர்தலில் ஒதுக்கீடு அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம் இருந்ததே, அது போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பைலாவைக் கேளுங்கள். தரத் தயங்கினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு நகல் வாங்கலாம். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியிருந்தால் அங்கேயே ஒரு கேள்வி இருக்கிறது. கூட்ட நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். மேடைக்குப் போய் ஆவேசமாகப் பேசுவதைவிட, கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை இரண்டு வரியில் எழுதி, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்தோடு கொடுத்து, மினிட் புத்தகத்தில் ஏற்ற வைப்பது அதிக வேலை செய்யும். எழுதிக் கொடுத்ததைச் செயலாளரால் மறக்க முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன், வாயால் சொன்னதை நான் நிறைய மறந்திருக்கிறேன். முடிந்தால் உங்கள் வகை அல்லாத வேறு வகை மாற்றுத்திறனாளி ஒருவரை வழிமொழியச் சொல்லுங்கள். 'அவன் பிரச்சினையை அவன் பேசுகிறான்' என்று ஒதுக்க முடியாது.

ஒரு கொள்கை கீழிருந்து மாறியதை என் கண்ணால் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆகியிருந்தது. 2024-இல் ஆந்திராவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000-லிருந்து 6,000 ஆக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களில் 'ஆந்திரா மாதிரி' என்பதே மந்திரம். தொகையை உயர்த்து என்பதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று நான் வரைவு எழுதினேன். இந்தத் தடவை யூனிகோடில், ஆடியோவாகவும், ஒன்பது கிளைகளுக்கும் மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பினேன்.

ஆறு கிளைகள் அதை மாற்றச் சொல்லித் தீர்மானம் அனுப்பின. தொகையைப் பற்றிக் கத்துகிறவர்கள் ஏற்கெனவே தொகை வாங்குகிறவர்கள். ஊனத்தின் சதவீதம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கிளைகளில்தான் இருந்தார்கள், மாவட்டக் கூட்டத்துக்கு அவர்கள் வருவதே இல்லை. முதலில் சதவீத வரம்பைக் குறை, அப்புறம் தொகையை உயர்த்து என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன், எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக் என் கையில்தான் இருந்தது. முதல் கோரிக்கை சதவீத வரம்பு என்று சொன்னேன். ஆந்திரா இரண்டாவதாக வந்தது.