பவர் பிஐ என்ற டேட்டா ரிப்போர்ட் மென்பொருளில் விற்பனை டேபிளையும் பொருள் டேபிளையும் இணைத்த பிறகும் எல்லா வரியிலும் ஒரே மொத்தம் வருவது ஏன்? ரிமூவ் டூப்ளிகேட்ஸ் கொடுத்தும் மெனி-டு-மெனி (இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு பலமுறை வரும் இணைப்பு) என்றே கேட்கிறதே?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

எல்லா வரியிலும் ஒரே தொகை வந்தால், ஃபில்டர் விற்பனை டேபிளைப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மாடல் வியூவில் அந்தக் கோட்டைப் பாருங்கள். புள்ளிக்கோடாக இருந்தால் ரிலேஷன்ஷிப் ஆக்டிவாக இல்லை. கோடு முழுசாக இருந்தால் அம்புக்குறி பொருளிலிருந்து விற்பனையை நோக்கி இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் கோட்டை டபுள் கிளிக் செய்து எந்தக் காலம் (column) எதோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பவர் பிஐ தானாகப் போடும் இணைப்பு பெயர் ஒற்றுமையை நம்பியே போடப்படுவது. தவறான காலங்கள் ஜோடி சேர்ந்துவிடுவதுண்டு. ஆப்ஷன்ஸ், கரன்ட் ஃபைல், டேட்டா லோடு பகுதியில் ஆட்டோடிடெக்ட்டை அணைத்துவிட்டுக் கையால் இணைப்பதே நல்லது.

இரண்டாவதுதான் பலரைச் சுற்றவிடும். பவர் குவெரி (டேட்டாவை ஏற்றுவதற்கு முன் சுத்தம் செய்யும் இடம்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், மாடல் (ஏற்றிய டேபிள்கள் இணைந்திருக்கும் இடம்) பார்க்காது. ஒரே பொருள் கோடு (code, பொருளின் அடையாளக் குறியீடு) ஒரு வரியில் பெரிய எழுத்திலும் இன்னொன்றில் சின்ன எழுத்திலும் இருந்தால், ரிமூவ் டூப்ளிகேட்ஸ் இரண்டையும் விட்டுவைக்கும். மாடலுக்குள் வந்ததும் இரண்டும் ஒன்றாகி, டூப்ளிகேட் ஆகிவிடும். கோடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பேஸும் அப்படித்தான்: குவெரியில் அது வேறு மதிப்பு, மாடலில் அதே மதிப்பு. முன்னால் இருக்கும் ஸ்பேஸ் நேர்மாறு. அதை மாடலும் நீக்காது, அதனால் பொருந்த வேண்டிய கோடு பொருந்தாமல் போகும்.

ஆகவே வரிசை முக்கியம். இரண்டு டேபிளிலும் கோடு காலத்துக்கு முதலில் ட்ரிம் (முன்பின் ஸ்பேஸை நீக்கும்), பிறகு அப்பர்கேஸ் (எல்லாம் பெரிய எழுத்தாகும்). பொருள் டேபிளில் வெற்றுக் கோடு உள்ள வரிகளை ஃபில்டர் செய்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பின் ரிமூவ் டூப்ளிகேட்ஸைத் தொடாமல் கீப் டூப்ளிகேட்ஸ் கொடுத்துப் பாருங்கள், இரட்டித்த வரிகள் மட்டும் தெரியும். ஒரே கோடுக்கு இரண்டு விலையோ இரண்டு பெயரோ இருந்தால், எந்த வரி சரியானது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரிமூவ் டூப்ளிகேட்ஸிடம் விட்டால் அது ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும். பார்த்து முடித்ததும் கீப் டூப்ளிகேட்ஸ் ஸ்டெப்பை நீக்கிவிடுங்கள்.

சரிபார்க்க, குவெரியின் வியூ மெனுவில் காலம் டிஸ்ட்ரிபியூஷனை (Column distribution) பொருள் டேபிளுக்குப் போடுங்கள். டிஸ்டிங்க்ட் (வெவ்வேறு மதிப்புகள்), யூனிக் (ஒரே ஒரு முறை வரும் மதிப்புகள்) இரண்டும் ஒரே எண்ணாக, மொத்த வரிகளுக்குச் சமமாக இருந்தால் கோடு சுத்தம். ஆனால் இது முதல் 1000 வரிகளை மட்டுமே பார்த்துச் சொல்வது. திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் முழு டேட்டாவுக்கும் மாற்றாமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

00123 போன்ற கோடுகளில் இன்னொரு வில்லங்கம். குவெரி தானாகச் சேர்க்கும் சேஞ்ச்டு டைப் ஸ்டெப் அதை எண்ணாக்கி 123 என்று சுருக்கிவிடும். பின்னால் இன்னொரு ஸ்டெப்பில் டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போன பூஜ்ஜியம் திரும்பாது. அதே ஸ்டெப்புக்குப் போய் டைப்பை மாற்றி, கேட்கும்போது ரிப்ளேஸ் கரன்ட் என்று கொடுங்கள்.

இணைப்பு சரியாகியும் விஷுவலில் பிளாங்க் என்று ஒரு வரி வந்தால், விற்பனையில் இருக்கும் சில கோடுகள் பொருள் டேபிளில் இல்லை. நியூ டேபிள் கொடுத்து, எக்ஸெப்ட் ஃபங்ஷனுக்குள் முதலில் விற்பனைக் கோடின் டிஸ்டிங்க்ட், அடுத்து பொருள் கோடின் டிஸ்டிங்க்ட் வையுங்கள். விட்டுப்போனவை பட்டியலாக வந்துவிடும். டிஸ்டிங்க்ட்டுக்குப் பதில் வேல்யூஸ் ஃபங்ஷன் போடாதீர்கள், அது பிளாங்க் வரியையும் சேர்த்துக்கொள்ளும்.

அவசரத்துக்கு மெனி-டு-மெனியை ஏற்றுக்கொண்டு நகர வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அதில் பிளாங்க் வரியே வராது. பொருந்தாத விற்பனை பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறையும், மொத்தத்தில் மட்டும் சேர்ந்திருக்கும். வரிகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது, எங்கே போனது என்றும் தெரியாது. இணைந்த டேபிளிலிருந்து மதிப்பை எடுத்துவரும் ரிலேட்டட் ஃபங்ஷனும் வேலை செய்யாது.

ஆர்டர் தேதி, டெலிவரி தேதி இரண்டையும் ஒரே காலண்டர் டேபிளோடு இணைத்ததால் வந்த புள்ளிக்கோடு என்றால் அது பிழை அல்ல. இரண்டு டேபிளுக்கு இடையே ஒரு இணைப்புதான் ஆக்டிவாக இருக்க முடியும். மற்றதைத் தேவைப்படும் மெஷரில் (கணக்கு ஃபார்முலா) கால்குலேட் ஃபங்ஷனுக்குள் யூஸ்ரிலேஷன்ஷிப் எழுதி எடுத்துக்கொள்ளலாம். தேதிக் காலத்தில் நேரமும் ஒட்டியிருந்தால் காலண்டரோடு பொருந்தாது. ஃபார்மட்டை மாற்றுவது நேரத்தை மறைக்குமே தவிர நீக்காது, குவெரியிலேயே டேட் டைப்பாக மாற்றுங்கள்.