மேக்ரோ பட்டியல் வெறுமையாக இருந்தால் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சம்பளப் பட்டியலை எக்செலில் போடுவது பற்றி எழுதியதன் பின் வந்த கேள்விகளில் பாதி கணக்கைப் பற்றியவை அல்ல. "யாரோ தந்த கோப்புக்குள் ஏதாவது ஒளிந்திருக்குமா?" என்பதுதான் பலருக்கும் கவலை. நியாயமான கவலை. மேக்ரோ என்பது எக்செல் கோப்புக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல், பெரும்பாலும் விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கிண்ணியாவில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் மேக்ரோ பற்றிய மஞ்சள் பட்டை வருகிறது. ஆல்ட் + எஃப்8 அழுத்தினால் பட்டியலில் ஒன்றுமே இல்லை. எதை நம்புவது?

மஞ்சள் பட்டையை நம்புங்கள். நாமே தெரிவு செய்து ஓட்டக்கூடிய மேக்ரோக்களை மட்டும்தான் ஆல்ட் + எஃப்8 காட்டும். 'பிரைவேட்' என்று எழுதப்பட்டவை அதில் வராது. கோப்பு திறந்ததும் தானாக ஓடும் 'வேர்க்புக்_ஓபன்' வழக்கமாக அந்த வகைதான். நாம் பயப்பட வேண்டிய நிரல் எதுவோ, அதுவே அந்தப் பட்டியலில் இராது.

மேக்ரோவை ஓட அனுமதிக்கும் 'எனேபல் கொன்டென்ட்' பட்டன் மஞ்சள் பட்டையில் இருக்கும். அதைத் தொடாமல் ஆல்ட் + எஃப்11 அழுத்துங்கள், நிரல் எழுதும் விபிஏ எடிட்டர் திறக்கும். பார்ப்பதால் நிரல் ஓடாது. இடப்பக்கம் கோப்பின் கிளைகள் தெரியாவிட்டால் கன்ட்ரோல் + ஆர். பலர் 'மொடியூல்ஸ்' என்ற கிளையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. 'திஸ்வேர்க்புக்', ஷீட்1, ஷீட்2 என்று ஒவ்வொன்றையும் இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டும். படிவங்கள் இருந்தால் அவற்றின் நிரலையும் பார்க்க வேண்டும்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் அறைப் பதிவுக் கோப்பை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீட்2 வெள்ளையாக இருந்தது. மூடப்போகும் நேரத்தில்தான், வெற்றுப் பக்கத்துக்கு ஸ்க்ரோல் பட்டை எதற்கு என்று தோன்றியது. இழுத்துக்கொண்டே போனேன். நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்குக் கீழே எட்டு வரி நிரல் கிடந்தது. வலப்பக்கமாக வெகுதூரம் இடைவெளி விட்டு எழுதி வைப்பவர்களும் உண்டு. அதனால் இரண்டு பட்டைகளையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ளதை யுனிகோடாக மாற்றும் கோப்பு ஒன்று சாம்பல்தீவில் எங்கள் பாடசாலைக்குக் கிடைத்தது. நிரல் முழுவதும் இலக்கங்களாக இருக்கின்றன. எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று சக ஆசிரியர் சொல்கிறார்.

அவர் சந்தேகப்பட்டது சரி. ஆனால் தமிழ்க் கோப்புகளில் இந்த அடையாளம் நம்மை ஏமாற்றும். விபிஏ எடிட்டருக்குள் தமிழை நேரடியாக எழுத முடியாது, கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் எழுதுபவர் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் யுனிகோடு எண்ணைத் தர வேண்டியிருக்கிறது. 'அம்மா' என்ற சொல் 2949, 2990, 3021, 2990, 3006 என்று ஐந்து எண்களாகிவிடும். தமிழுக்கான எண்கள் 2944 முதல் 3071 வரை. நிரலில் உள்ள இலக்கங்கள் இந்த எல்லைக்குள் வந்தால் அது பெரும்பாலும் எழுத்து மாற்றும் வேலைதான்.

இரண்டிலக்க, மூன்றிலக்க எண்கள் வரிசையாக வந்தால் உட்கார்ந்து வாசியுங்கள். 104, 116, 116, 112 என்று கண்டால் அது 'எச்டிடிபி', அதாவது ஓர் இணைய முகவரியின் தொடக்கம். எழுத்து மாற்றும் கோப்புக்கு இணைய முகவரி எதற்கு? இலக்கங்களுக்கு நடுவே, வேறு மென்பொருளை இயக்க உதவும் 'ஷெல்', 'கிரியேட்ஒப்ஜெக்ட்' என்ற சொற்கள் தென்பட்டாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவை எப்போதும் குற்றமல்ல, ஆனால் காரணம் தெரிய வேண்டும்.

அன்ஹைட் செய்தும் வெளிவராத தாள் இருக்குமா?

இருக்கும். 'வெரி ஹிடன்' என்று ஒரு நிலை உண்டு, அன்ஹைட் பட்டியலில் அந்தத் தாள் வரவே வராது. ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் இடப்பக்கக் கிளையில் பெயர் தெரியும். அதைத் தெரிவு செய்து எஃப்4 அழுத்தி, 'விசிபிள்' என்பதை -1 ஆக்கினால் வெளியே வந்துவிடும்.

ஒரு வகை மட்டும் இந்தக் கிளையிலும் தெரியாது. 1992இல் எக்செல் 4.0 உடன் வந்த பழைய மேக்ரோத் தாள். விபிஏ இல்லை, செல்களில் எழுதிய சூத்திரங்களே நிரலாக ஓடும். அண்மைக்காலம்வரை தீய கோப்புகளில் இதை நிறையப் பயன்படுத்தினார்கள். புதிய பதிப்புகளில் மைக்ரோசொஃப்ட் இதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோவோடு சேமிக்கும் எக்செல் வடிவம்) கோப்பு ஒன்றில் தேட வேண்டுமானால், பிரதி எடுத்து, பிரதியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். 'எக்ஸ்எல்' என்ற கோப்புறைக்குள் 'மேக்ரோஷீட்ஸ்' இருந்தால் அதுதான். 'விபிஏபுரொஜெக்ட்.பின்' இருந்தால் விபிஏ இருக்கிறது.

பின்னொட்டு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் பயமில்லையா?

மேக்ரோவைப் பொறுத்தவரை இல்லை, அந்த வடிவத்தில் விபிஏயைச் சேமிக்க முடியாது. 2007க்கு முந்திய பழைய எக்ஸ்எல்எஸ், அப்புறம் எக்ஸ்எல்எஸ்பி, இவை இரண்டிலும்தான் கவனம் வேண்டும். பெயரைப் பார்த்தால் மேக்ரோ இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

நிரலுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்க்க வழியே இல்லையா?

உண்டு. அந்தக் கடவுச்சொல் எடிட்டரின் கதவை மட்டும்தான் பூட்டுகிறது, நிரலை மறையாக்கம் செய்வதில்லை. பிலிப் லகாடெக் உருவாக்கிய ஓலேடூல்ஸ் தொகுப்பில் 'ஓலேவிபிஏ' என்ற இலவசக் கருவி இருக்கிறது. பைதான் என்ற நிரல்மொழியை நிறுவிய கணினியில் ஓடும். கோப்பை எக்செலில் திறக்காமலே நிரலை எடுத்துக் காட்டி, சந்தேகமான சொற்களையும் சுட்டும். கண்ணுக்குத் தெரியும் மூல நிரலை அழித்துவிட்டு, கணினி ஓட்டுவதற்கென மாற்றிய (தொகுக்கப்பட்ட) வடிவத்தை மட்டும் விட்டுவைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அப்படிச் செய்த கோப்பு எடிட்டரில் வெறுமையாகத் தெரிந்தாலும் ஓடக்கூடும். அதையும் இந்தக் கருவி கண்டுபிடித்துச் சொல்லும். கோப்பை எழுதியவர் தெரிந்தவர் என்றால் முதலில் கடவுச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்.

மின்னஞ்சலில் வந்தபோது தடுக்கப்பட்ட அதே கோப்பு, பென் ட்ரைவில் வந்தபோது சாதாரணமாகத் திறந்தது. ஏன்?

உவர்மலையிலிருந்து வந்த இந்தக் கேள்வி முக்கியமானது. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பில் விண்டோஸ் ஒரு அடையாளம் வைக்கிறது. அந்த அடையாளம் உள்ள கோப்புகளின் மேக்ரோக்களை எக்செல் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. பெரும்பாலான பென் ட்ரைவ்களின் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்புகளில் அந்த அடையாளம் தங்காது. யாரோ ஒருவர் இறக்கி, பென் ட்ரைவில் போட்டுத் தந்தால், உங்கள் கணினிக்கு அது வெளிக்கோப்பு என்றே தெரியாது. நம் ஊர் அலுவலகங்களில் பாதிக் கோப்புகள் கைக்குக் கை பென் ட்ரைவில்தான் போகின்றன. அதனால் அவற்றை மின்னஞ்சலில் வந்தவற்றைவிடக் கூடுதலாகச் சோதியுங்கள்.

எந்தக் கோப்பைத் திறந்தாலும் இடப்பக்கக் கிளையில் 'பேர்சனல்' என்று இன்னொரு கோப்பும் தெரிகிறது.

பேர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி என்றால், முன்பு நீங்களோ வேறொருவரோ பதிவு செய்த மேக்ரோ அதில் இருக்கும். 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' கோப்புறையில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் மறைவாகத் திறக்கிறது. திறந்து வாசித்துவிட்டு விட்டுவிடலாம். பழைய எக்ஸ்எல்எஸ் பின்னொட்டோடு இருந்து, உள்ளே 'லரூ' என்ற பெயரில் ஒரு மொடியூல் இருந்தால், அது 1996இல் வெளிப்பட்ட எக்செல் வைரஸ். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பழைய சம்பளக் கோப்புகள் அத்தனையிலும் அது ஒட்டியிருந்தது. எந்தத் தரவையும் அது அழிக்கவில்லை, அதனாலேயே ஒருவரும் தேடவில்லை. அந்தப் பேர்சனல் கோப்பை மட்டும் நீக்கினால் போதாது, தொற்றிய கோப்பு ஒன்றை மேக்ரோவோடு திறந்ததும் திரும்ப வந்துவிடும். எக்செலை மூடி, எக்ஸ்எல்ஸ்டார்ட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக மேக்ரோ இல்லாமல் திறந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமியுங்கள். எங்களுக்கு அந்த வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது.