காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடி மாற்றும் வேலையை எப்படிப் பழகுவது? மாட்டிய கண்ணாடி சில மாதத்தில் ஏன் விரிசல் விடுகிறது?

கண்ணாடிக் கடையில் சேர்ந்திருக்கும் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நேர்வெட்டு கைவந்துவிட்டது, ஆனால் பழைய வீட்டு ஜன்னலில் மாட்டினால் நிற்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு வெட்டில் இருக்க வாய்ப்புக் குறைவு. அளவையும் காடியையும், அதாவது கண்ணாடி உட்காரும் சட்டத்துப் பள்ளத்தையும், பாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் நிலையும் ஜன்னலும் பெரும்பாலும் பர்மா தேக்கு. நல்ல மரம்தான், ஆனாலும் எழுபது எண்பது வருடம் ஆன சட்டம் மூலைமட்டத்துக்கு நிற்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரமும் அப்படியே. கிடைத்ததில் சிறிய அளவை எடுத்து அதில் ஒரு நூல், அதாவது 3 மி.மீ., கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறுக்காக இரண்டு மூலைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒரு நூலுக்கு மேல் வேறுபட்டால் டேப் அளவை நம்பாமல் அட்டையில் மாதிரி வெட்டி, காடியில் வைத்துப் பார்த்த பிறகு கண்ணாடியைத் தொடுங்கள். அந்த ஒரு நூல் இடைவெளி வீண் இல்லை. சித்திரையில் காய்ந்த மரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும். இறுக்கமாகப் பொருத்திய கண்ணாடி அப்போதுதான் உடையும்.

உடைந்ததைத் தூக்கிப் போடும் முன் விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத்தில் கிளிஞ்சல் மாதிரிச் சின்னச் சில்லு பெயர்ந்து அங்கிருந்து கிளம்பினால், பீடிங் (கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரப்பட்டை) ஆணியின் முனை கண்ணாடியைத் தொட்டிருக்கிறது. மூலையிலிருந்து கிளம்பினால் சட்டம் முறுக்கியிருக்கிறது, அல்லது அளவு இறுக்கம். ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கி, உள்ளே போனதும் வளைந்து நெளிந்தால் அது வெயில் விரிசல். மேற்குப் பார்த்த ஜன்னலில் அடர்நீலம், அடர்சிவப்புக் கண்ணாடிகளில் இது வரும். நடுப்பகுதி வெயிலில் சுட்டு விரியப் பார்க்கும், காடிக்குள் மறைந்த ஓரம் சூடேறாமல் அதைப் பிடித்து இழுக்கும். ஓரத்தில் சில்லு இருந்தால் அங்கேயே கிழியும். அதனால் வெட்டிய ஓரத்தைத் தண்ணீர் தொட்டுச் சாணைக்கல்லில் தேய்ப்பதை எந்த அவசரத்திலும் விடக்கூடாது. நிறையப் பேர் விடுகிற வேலை இதுதான்.

வெட்டு பற்றிச் சுருக்கமாக. கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, ஒரே இழுப்பு. சீரான கிறீச்சொலி வந்தால் போதும். வெள்ளையாகத் தூள் பறந்தால் அழுத்தம் அதிகம். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் கட்டரும் கெடும், கண்ணாடியும் கோணலாகப் பிளக்கும். கோடு போட்டதும் உடனே பிரிக்க வேண்டும், நேரம் போகப் போக பிளவு அடங்கிவிடும். சக்கரத்துக்கும் கட்டரின் பக்கவாட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. தூரம் இருக்கும். தம்பி தன் கட்டரில் அதை ஒருமுறை அளந்து, அளவுகோலை அவ்வளவு தள்ளி வைக்கட்டும். பூப்போட்ட கண்ணாடி என்றால் வழவழப்பான பக்கத்தில்தான் வெட்டு. டஃபன்டு கண்ணாடியை (சூடேற்றி உறுதியாக்கியது) வெட்டவே முடியாது, முழுதும் பொடிப்பொடியாகிவிடும்.

வண்ணக் கண்ணாடி வாங்கும்போது ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். உள்வரை ஒரே நிறம் ஓடினால் நிஜ வண்ணம், வெயிலில் வெளுக்காது. வெள்ளைக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியதும் பெயின்ட் அடித்ததும் வெளுக்கும், உரியும். பழைய சிவப்பில் மட்டும் ஒரு விஷயம்: வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலம் உருக்கி ஏற்றிய வகை உண்டு. அதுவும் நல்ல சரக்குதான், ஆனால் கோட்டை வெள்ளைப் பக்கத்தில் போட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். எல்லோரும் 'பெல்ஜியம்' என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பழைய கண்ணாடியில் லேசான அலை தெரியும். இன்றைய ஃப்ளோட் கண்ணாடி தட்டையானது. நான்கு பழையதுக்கு நடுவே ஒன்று புதிதாக மாட்டினால் வெளிச்சம் விழும்போது தனியாகத் தெரியும்.

நிலைக்கு மேலே விசிறி மாதிரி வரும் வளைவில் ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனி அட்டை மாதிரி. எண் போட்டு, எது வீட்டுக்குள் பார்க்கும் பக்கம் என்றும் எழுதாவிட்டால் திருப்பி வெட்டிவிடுவீர்கள். வளைகோடு போட்டபின் அதிலிருந்து வெளியே நாலைந்து கிளைக்கோடு இழுத்து, அடியிலிருந்து மெதுவாகத் தட்டித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். முழு வளைவையும் ஒரே மூச்சில் பிரிக்கப் பார்த்தால் போச்சு.

மாட்டும்போது காடியிலுள்ள பழைய மக்கை (புட்டி) ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூசி மூக்கில் ஏறக்கூடாது. காய்ந்த மரத்துக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஒரு பூச்சு கொடுக்காமல் மக்கு வைத்தால், மரம் எண்ணெயைக் குடித்துவிட்டு மக்கை உதிர விடும். மக்கு கடையில் வாங்கலாம். நாமே பிசைவதென்றால் ஒரு கிலோ சாக் மாவுக்கு ஏறக்குறைய 150 கிராம் எண்ணெய், சப்பாத்தி மாவுப் பதம். காடியில் மெல்லப் பரப்பி, கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்தி உட்கார வைத்து, பீடிங் ஆணியைக் கண்ணாடியிலிருந்து விலகிச் சாய்வாக அடியுங்கள். சிலிக்கான் பசையை இந்த ஜன்னல்களில் தவிர்ப்பது நல்லது. அடுத்த முறை கழற்றும்போது நல்ல கண்ணாடியும் சேர்ந்து உடையும். வினிகர் வாசனை வரும் சிலிக்கானை நிலைக்கண்ணாடியின் முதுகில் பூசவே கூடாது, ரசம் கறுத்துவிடும்.

பழகும் வரிசையைச் சொன்னால்: முதலில் தூக்குவதும் அடுக்குவதும். 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர அடி ஒரு கிலோவை ஒட்டி வரும், அதை வைத்து எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடலாம். படுக்கப் போடாமல் மரச்சட்டத்தின் மேல் லேசாகச் சாய்த்து நிறுத்தி, நடுநடுவே காகிதம். மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் கழுவினாலும் போகாத வெள்ளைப் படலம் படியும். கை நழுவினால் பிடிக்கப் போகக்கூடாது, விலகி நிற்க வேண்டும். அடுத்து உடைசலில் நேர்வெட்டு, அப்புறம் சாணை. ஆத்தங்குடியில் டைல் வார்க்கக் கண்ணாடிப் பலகைதான் அடித்தளம். கண்ணாடியில் கீறல் இருந்தால் டைலிலும் விழும். அவர்களுக்கு ஒரே அளவில் நிறையத் துண்டு வெட்டிக் கொடுப்பதை விட நல்ல பயிற்சி கிடைக்காது. வளைவைக் கடைசியில் தொடட்டும்.

வேலை ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு பேச்சு. வளைவுத் துண்டுக்கும் அது அடங்கும் முழுச் செவ்வகத்துக்குத்தான் கண்ணாடி செலவாகும். 18 இஞ்ச் அகல அரைவட்டத்துக்கு 18க்கு 9 துண்டு, ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. கழிவும் வீட்டுக்காரர் கணக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சொன்னார் என்று பச்சைக்குப் பதில் நீலம் மாட்டிவிட்டால் அடுத்த விசேஷத்தில் மற்றவர்கள் வந்து கழற்றச் சொல்வார்கள்.