13 வயது மகன் செபமாலைக்கு வர மறுக்கிறான், என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். வேலைக்காகச் சென்னை வந்துவிட்டோம். கணவருக்கு ஷிப்ட் வேலை, நான் வீடு சேரவே இரவு எட்டு ஆகிவிடும். 13 வயது மகன் செபமாலை என்றாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். “மாதாகிட்ட வேண்டணும்னு பைபிள்ல இருக்கா?” என்று கேட்கிறான். ஞாயிறு பூசைக்கும் சண்டை போட்டுத்தான் கூட்டிப்போகிறோம். மகளுக்கு அடுத்த ஆண்டு புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை வாங்குவது). எங்களோடு இருக்கும் மாமியாரோ தினமும் செபமாலையின் 53 மணிகளையும் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். திட்டியாவது உட்கார வைக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, செபமாலைக்காகத் திட்ட வேண்டாம். ஆனால் ஞாயிறு பூசையை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் பல வீடுகளில் இரண்டுமே கைநழுவிப் போகின்றன.

ஞாயிறு பூசை, அதாவது திருப்பலி, கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நம் எல்லோருக்கும் கடமை. ஏழு வயது நிரம்பிய பிள்ளைக்கும் அது பொருந்தும். குடும்ப செபமாலை அப்படியல்ல. நம் முன்னோர் உயிராய்க் காத்த அருமையான பக்தி முயற்சி அது. ஆனால் திருச்சபை அதை யாருக்கும் கட்டளையாக வைக்கவில்லை. பூசைக்குப் போவது நம் வீட்டு ஒழுங்கு, அதில் பேச்சுக்கு இடமில்லை என்று மகனிடம் அமைதியாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எந்த நேரத்துப் பூசை, பாடற்குழுவா, பீடத்தில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனா என்பதை அவனே முடிவு செய்யட்டும். செபமாலையில் அவனைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

அவன் கேட்ட கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னைப் பள்ளியில், மாதாவிடம் வேண்டாத பிற கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளோடு பழகுகிறான். யாரோ கேட்டிருப்பார்கள், இவனுக்குப் பதில் தெரிந்திருக்காது. விவிலியத்தை அவன் கையிலேயே கொடுத்து லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். 28-ஆம் வசனத்தில் வானதூதர் மரியாவை வாழ்த்துகிறார். 42-ஆம் வசனத்தில் எலிசபெத்து வாழ்த்துகிறார். செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதி இந்த இரண்டு வாழ்த்துகள்தான். இரண்டாம் பாதியில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று கேட்கிறோம். ஊருக்குப் போன் போட்டு “எனக்காக வேண்டிக்கோங்க ஆச்சி” என்று நீங்கள் கேட்பதில்லையா, அதே வேண்டுதல்தான் இது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே. மாதாவுக்கு நாம் செலுத்துவது வணக்கம். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்வைத் தியானிக்கிறோம், அதுதான் மறையுண்மை. மகிழ்ச்சி மறையுண்மைகள் ஐந்தும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் இருக்கின்றன. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகள் இயேசுவின் பகிரங்க வாழ்வை நம் கண்முன் நிறுத்துகின்றன. யோவான் இரண்டாம் அதிகாரத்துக் கானாவூர்த் திருமணம் அதில் இரண்டாவது.

செபமாலையில் வரும் மாதாவின் விண்ணேற்பும் முடிசூட்டலும் நற்செய்தியில் நேரடியாக இல்லையே என்று அவன் மடக்கினால் மழுப்ப வேண்டாம். ஆமாம், அவை திருச்சபையின் மரபிலிருந்து வருபவை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை வருவதில்லை. பத்து வருடம் மறைக்கல்விக்கு வந்தும் ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளையைப் பார்த்தால்தான் மனம் பதறுகிறது.

இப்போது தினசரி ஒழுங்கு. எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து அலுத்து வந்து, அரைத் தூக்கத்தில் செபமாலையின் ஐந்து பத்துகளையும் ஓட்டுவதைவிட, ஒரே ஒரு பத்தை, அதாவது பத்து மணிகளை, நிதானமாகச் சொல்வது மேல். சாப்பாட்டுக்கு முன்னால், டிவியும் போனும் அணைந்திருக்க, ஏழெட்டு நிமிடம் போதும். அன்றைய மறையுண்மைக்குரிய நற்செய்திப் பகுதியை வாசிக்கும் பொறுப்பு மகனுக்கு, மெழுகுவத்தி ஏற்றுவது மகளுக்கு. ஒருநாள் அவன் வரவில்லையா, கதவைத் தட்ட வேண்டாம், நீங்கள் தொடங்கிவிடுங்கள். அம்மா சோர்வோடும் முழங்காலில் நிற்பதை அவன் பார்க்கத்தான் செய்வான். செபம் முடிந்ததும் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்திருக்குமே, அதைக் கைவிடாதீர்கள். கணவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அது எந்த நேரமானாலும், பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போகட்டும். அப்பா வீட்டில் இருக்கும் நாளில் செபத்தை அவரே முன்நின்று சொல்லட்டும். செபம் அம்மாவும் பாட்டியும் பார்த்துக்கொள்ளும் வேலை என்ற எண்ணம் ஒரு பையன் மனதில் விழுந்துவிட்டால் அதை எடுப்பது கடினம்.

“சாமி கண்ணைக் குத்தும்”, “செபம் சொல்லாததாலதான் மார்க் குறைஞ்சுது” போன்ற பேச்சு மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இப்படிப் பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, பயம் தெளிந்த அன்று கடவுளையும் சேர்த்து விட்டுவிடுகிறது.

மகளின் புதுநன்மைக்கு இப்போதே தயாராகலாம். அவளைத் தயாரிக்கும் முதல் பொறுப்பு பெற்றோருக்கு, பிறகுதான் பங்குத்தந்தைக்கு என்கிறது திருச்சபைச் சட்டம். வெள்ளைக் கவுனுக்கும் மண்டபத்துக்கும் ஓடுவதற்கு முன்னால், அவளுடைய முதல் பாவசங்கீர்த்தனத்தன்று, அதாவது குருவிடம் பாவங்களை முதன்முறை அறிக்கையிடும் நாளன்று, நீங்கள் இருவரும் அதே வரிசையில் நில்லுங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருந்தால் போதும், தண்ணீர் குடிக்கலாம். நள்ளிரவிலிருந்து பட்டினி என்ற அந்தக்கால ஒழுங்கை மாமியார் நினைவில் வைத்திருக்கக்கூடும். பசித்த பிள்ளையோடு காலையில் போராட வேண்டியதில்லை.

தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்க்கே, நோன்புக் கடமை 18-க்கு மேல். ஆகவே மகன்மேல் எதையும் சுமத்தாமல், எதை விடப்போகிறான் என்று அவனிடமே கேளுங்கள். மிச்சமாகும் காசைத் தவக்கால உண்டியலில் அவன் கையாலேயே போடட்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போவதை வெறும் சொந்தக்காரர் வீட்டுச் சுற்றலாக முடித்துவிடாதீர்கள். முடிந்தால் ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியில் இருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று தாத்தா கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் பிள்ளைக்கு, உயிர்ப்பைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. பேச்சு தானாக அங்கே வரும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். அவர் உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவர் குருவானவர் அல்ல. மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். யாரும் வற்புறுத்தாமல், வளர்ந்த மனிதராகத் தானே யோசித்து விசுவாசத்தைத் தேர்ந்தவர். உங்கள் மகன் அறிய வேண்டிய புனிதர் அவர் என்பேன்.

மாமியார் விஷயம். அவர் 53 மணியும் சொல்லட்டும், அது அவர் உயிர்மூச்சு. பிள்ளைகள் ஒரு பத்துக்கு அவரோடு சேர்ந்துகொள்ளட்டும். மாதாவின் வணக்க மாதமான மே மாதத்திலும் அக்டோபர் செபமாலை மாதத்திலும் மட்டும், சனிக்கிழமை இரவுகளில் எல்லோரும் முழுச் செபமாலை சொல்லலாம் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளுங்கள். அவர் பழைய செபத்தைச் சொல்ல, பிள்ளைகள் மறைக்கல்வியில் படித்த புதுச் செபத்தைச் சொன்னால் யாரும் யாரையும் திருத்த வேண்டாம். இந்த ஏற்பாட்டைப் பேரன் முன்னால் பேசாமல், நீங்களும் உங்கள் கணவரும் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பேச்சை உங்கள் கணவர் தொடங்குவது நல்லது.