அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டைவிங் போனபோது எடுத்த இந்தப் படத்தில், கருப்பு உடம்பில் நீல மேடும் மஞ்சள் புள்ளியுமாக இருப்பது என்ன உயிரினம்? வேறு எங்கே பார்க்கலாம்?

இது ஃபிலிடியா வேரிகோசா. ஓடில்லாத கடல் நத்தை. 1801-லேயே பிரெஞ்சு விலங்கியலாளர் லாமார்க் பெயர் வைத்துவிட்டார்.

நீளவாக்கில் ஓடும் நீலச் சாம்பல் மேடுகள், அவற்றின் மேல் மஞ்சள் நுனியோடு பருக்கள், தலைப்பக்கம் இரண்டு மஞ்சள் கொம்புகள். மூன்றுமே உங்கள் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. கொம்பு கருப்பாகவும் பருக்கள் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது ஃபிலிடியெல்லா பஸ்டுலோசா. அதைச் சுலபமாகப் பிரித்துவிடலாம். ஆளைக் குழப்புவது ஃபிலிடியா செலஸ்டிஸ்தான். அதற்கும் இதே நிறங்கள். ஆனால் அதன் நடுமுதுகு கருப்பாக இருக்கும், அதில் பெரிய மஞ்சள் பருக்கள் உட்கார்ந்திருக்கும். வேரிகோசாவுக்கு அடிப்பாதத்தின் நடுவே நெடுகக் கருப்புக் கோடு உண்டு, செலஸ்டிஸுக்குக் கிடையாது. இதைப் பார்ப்பதற்காகத் தயவுசெய்து யாரும் நத்தையைப் புரட்டிப் போடாதீர்கள். பாறை விளிம்பில் ஏறும்போது பாதம் தானாகவே தெரியும். அதுவரை காத்திருந்து எடுங்கள்.

பட்டப்பகலில், திறந்த பாறை மேல் இவ்வளவு நிதானமாக ஊர்ந்துபோகிறதே, மீன் தின்றுவிடாதா என்று தோன்றும். தின்னாது. இந்த நத்தை சாப்பிடுவது கடற்பஞ்சு, அதாவது பாறையில் ஒட்டி வாழும் ஸ்பாஞ்ச் என்ற எளிய விலங்கு. அரைக்கப் பல் கிடையாது. பஞ்சைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அதிலிருக்கும் நஞ்சையும் அப்படியே தன் உடம்பில் சேர்த்துவைத்து, சீண்டினால் சளியோடு கக்குகிறது. மீன்களையும் நண்டு இறால்களையும் அந்தச் சளி கொல்லும் என்று 1963-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வாளியிலோ மீன்தொட்டியிலோ போட்டால் கூட இருப்பவை செத்துப்போகும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பியர்சனோதூரியா கிராஃபி என்ற கடல் அட்டையின் குட்டி, அச்சு அசலாக இந்த நத்தையின் வேஷத்தில்தான் திரியும். நஞ்சுள்ளது என்று மீன்கள் ஒதுங்கிப்போய்விடும்!

செங்கடலிலிருந்து ஹவாய் வரை, பவளப்பாறை உள்ள வெப்பக்கடல்களில் இதைப் பார்க்கலாம். ஆழம் குறைந்த இடத்திலேயே கிடைக்கும். கடற்பஞ்சு படர்ந்த பாறைகளையும் உடைந்த பவளக் குவியல்களையும் மெதுவாகத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு விரல் நீளம் இருக்கும். 10 சென்டிமீட்டரைத் தாண்டியவையும் உண்டு.