முத்திரை வாசகம் பதித்த வாழ்த்து அட்டை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வேறு அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒரு வாழ்த்து வாசகத்தை மட்டும் நடுவில் பதித்து எளிய அட்டைகள் செய்ய விரும்புகிறேன். புதியவர்களுக்கானது என்ற பெயரில் ஏராளமான பொருள்கள் அடங்கிய பெட்டிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. அப்படி ஒன்றை வாங்குவது சிக்கனமா?

பதில்: உங்கள் நோக்கத்துக்கு அது சிக்கனம் ஆகாது. இத்தகைய பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுபவை பெரும்பாலும் ஒட்டுப்படங்கள், மணிகள், ரிப்பன் துண்டுகள் போன்றவைதான். நடுவில் தனியாக நிற்கப்போகும் ஒரு வரியின் அழகைத் தீர்மானிக்கிற முத்திரையும் மையும் தாளும் அவற்றில் கடைசி இடத்தையே பெறுகின்றன. அலங்காரம் நிறைந்த அட்டையில் எழுத்து சற்று மங்கினாலும் ஒரு காகிதப் பூவை ஒட்டி மறைத்துவிடலாம், வெற்று அட்டையில் அதற்கு வழியே இல்லை. எனவே நல்ல வாசக முத்திரை ஒன்று, அதை ஒட்டிப் பிடிக்க ஓர் அக்ரிலிக் கட்டை, தரமான கறுப்பு மைப்பெட்டி ஒன்று, கனமான வெள்ளை அட்டைத்தாள், உலோக அளவுகோல், கூரிய கத்தி ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்குங்கள். மற்றவை பிறகு தேவைப்பட்டால் வரட்டும்.

முத்திரையை வாங்கும்போது படத்தைப் பார்த்து அளவை ஊகிக்காதீர்கள். திரை முழுவதும் நிறைந்து தெரியும் வாசகம் கைக்கு வந்ததும் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாமல் போவதுண்டு. 105 மி.மீ. அகலமுள்ள அட்டையில் தனி வாசகம் நன்றாக நிற்க வேண்டுமானால், அது 60 முதல் 75 மி.மீ. வரை அகலமாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. அளவு அங்குலத்தில் தரப்பட்டிருந்தால் 25.4 ஆல் பெருக்கி மில்லிமீட்டருக்கு மாற்றி, அதே அளவில் ஒரு காகிதத்தை வெட்டி அட்டையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தொகுப்பின் மொத்த அளவைத்தான் பல விற்பனையாளர்கள் குறிப்பிடுகிறார்கள், அதில் உள்ள ஒவ்வொரு வாசகத்தின் அளவையும் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் முத்திரை, ஒளி ஊடுருவும் முத்திரை என்று இரு வகைகள் இருக்கின்றன. ஒளி ஊடுருவும் வகையிலும் விலை வேறுபாடு மிக அதிகமாக உள்ளது. ஏன்?

பதில்: பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒளி ஊடுருவும் முத்திரைகள் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. தரமானவை ஃபோட்டோபாலிமர் எனப்படும், புறஊதா ஒளியால் இறுகச் செய்யப்படும் பொருளால் ஆனவை. அவை மையைச் சீராக ஏற்றுக்கொள்ளும். மலிவானவற்றில் பல சிலிகோனால் ஆனவை. அந்தப் பரப்பில் மை சமமாகப் பரவாமல் சிறுசிறு துளிகளாகத் திரண்டு நிற்கும், பதித்த எழுத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். விற்பனைக் குறிப்பில் பொருளின் பெயர் இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

நல்ல முத்திரைகூடப் புதிதில் மையை ஒதுக்கக்கூடும். பென்சில் அழிப்பானால் அதன் முகத்தை மென்மையாக ஒருமுறை தேய்த்தால், தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் நீங்கிவிடும். இதைச் செய்து பார்க்காமலேயே ‘குறையுள்ள சரக்கு’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நாளடைவில் முத்திரை மஞ்சளாவதும் மைக்கறை படிவதும் அதன் வேலையைப் பாதிப்பதில்லை. வெயில் படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ரப்பர் நெடுநாள் உழைக்கும், எல்லா வகை மைக்கும் ஒத்துவரும். ஆனால் மரக்கட்டையில் ஒட்டியிருந்தால் எழுத்து எங்கே விழும் என்று மேலிருந்து பார்க்க இயலாது. ஒரு வரியை நேராக, நடுவில் பதிப்பதே உங்கள் வேலை என்பதால், புதியவருக்கு ஒளி ஊடுருவும் வகையையே பரிந்துரைப்பேன். அதன் அடியில் மெத்தை கிடையாது. அட்டைக்குக் கீழே மெல்லிய ஃபோம் தாளொன்றை விரித்து, கட்டையை அசைக்காமல் நேராக அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும்.

கேள்வி: அலுவலக ஸ்டாம்ப் பேடைக் கொண்டு கையால் செய்த காகிதத்தில் பதித்தேன், எழுத்தைச் சுற்றி மை கசிந்து பரவிவிட்டது. வழவழப்பான அட்டையில் பதித்தாலோ, மறுநாளும் கையில் ஒட்டுகிறது. குறை மையிலா, தாளிலா?

பதில்: இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே குறை. அலுவலக மை, பெட்டியிலேயே காய்ந்துவிடாதபடி மெதுவாக உலரும் திரவங்களைச் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது. உறிஞ்சும் தன்மை மிகுந்த கைத்தாளில் அது இழைகளின் வழியே ஓடும். பூச்சுப் பூசிய அட்டையில் உள்ளே இறங்க வழியின்றி மேலேயே தங்கும்.

அட்டைக் கலைக்கான மைகளில் முக்கியமாக மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சாய மை தாளுக்குள் இறங்கி விரைவில் உலர்ந்துவிடும், ஆனால் அதில் பல வகைகள் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. நிறமி மை கெட்டியானது, தாளின் மேல் தங்கி அடர்த்தியாகத் தெரியும், நிறமும் நீடிக்கும்; உலர நேரமாகும் என்பதோடு, பூச்சுத் தாளில் சூடு காட்டாமல் சரியாக உலராது. எம்பாசிங் பவுடரைத் தூவி எழுத்தை மேடாக்க நினைப்பவர்களுக்கு இந்த ஈரம்தான் வசதி. (அதற்கு ஹீட் கன் என்னும் சூடான காற்றுக் கருவி வேண்டும், தலைமுடி உலர்த்தியின் காற்று, பவுடர் உருகும் முன்பே அதை ஊதிப் பறக்கவிடும்.) மூன்றாவதான கரைப்பான் மை கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் போன்றவற்றுக்கானது. அதன் நெடிக்குக் காற்றோட்டம் தேவை, அதைத் துடைக்கும் திரவம் ஃபோட்டோபாலிமரைக் கெடுக்கவும் கூடும். வெறும் தாளுக்கு அதை வாங்க வேண்டியதில்லை.

உங்களுக்கு ஏற்றது, வழவழப்பான பரப்பு இருந்தும் பூச்சுப் பூசப்படாத வெள்ளை அட்டையும், சாயத்தின் விரைவையும் நிறமியின் அடர்த்தியையும் இணைக்கும் ஹைப்ரிட் வகைக் கறுப்பு மையும்தான். பெட்டியின் விளிம்பைவிட மைப்பரப்பு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்ந்திருந்தால், பெட்டியைக் கவிழ்த்து முத்திரையின் மேல் தட்டித்தட்டி, பெட்டியைவிடப் பெரிய வாசகத்துக்கும் மையேற்ற முடியும். அதே மை, நிரப்புவதற்கான சிறு புட்டியாகத் தனியே கிடைக்கிறதா என்பதும் முக்கியம். கிடைக்காவிட்டால் பேட் வறளும்போதெல்லாம் புதிய பெட்டிதான் வாங்க வேண்டியிருக்கும். வெளிறாது என்ற விளம்பரத்தை நீங்களே சோதிக்கலாம். வாசகம் பதித்த ஒரு துண்டில் பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரங்கள் வைத்துவிட்டுத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழ் வாசகம் கொண்ட ஆயத்த முத்திரைகள் எளிதில் கிடைப்பதில்லை. ரப்பர் ஸ்டாம்ப் செய்பவரிடம் ‘நெஞ்சார்ந்த நன்றி’ என்று செய்து வாங்கினேன். ‘ஞ்’ கறுப்புத் திட்டாக விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு தமிழுக்குப் போதாது. ‘ஞ’வின் உள்வளைவும் ‘ற’வின் இடைவெளியும் மிகக் குறுகியவை, சிறிய அளவில் செதுக்கும்போது அந்தப் பள்ளம் ஆழமின்றி நின்று, மை அங்கேயும் ஏறிவிடுகிறது. மேலே இருக்கும் புள்ளியோ, தனித்து நிற்கும் மெல்லிய முளை என்பதால், அழுத்தத்தில் சாய்ந்து நீள்வட்டமாகப் பதியும். இப்போதுள்ள முத்திரைக்கு, மிகக் குறைவாக மையேற்றி, உறுதியான தளத்தின் மேல் இலேசாக அழுத்திப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பெரிதாக மறுபடி செய்வதுதான் வழி.

அடுத்த முறை எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, தடிப்பு ஒரே சீராக உள்ளதும் உள்வளைவுகள் திறந்திருப்பதுமான ஒன்றை எடுங்கள். கையெழுத்துப் பாணியில் முடிமுடியாக நீளும் கோடுகள் உள்ளது வேண்டாம். வாசகத்தை உண்மையான அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்த தூரத்திலிருந்து படியுங்கள். அந்த நிலையில் ‘ண’வின் சுழிகள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் முத்திரையிலும் தெரியாது.

இன்னொரு சிக்கல் கோப்பிலேயே வருவது. சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் ஒருங்குறி எழுத்துகள் சிதைந்து, ‘கொ’வில் உள்ள கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் செதுக்கினால் அந்தப் பிழை அப்படியே ரப்பரில் ஏறிவிடும். எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துருவைச் சாராத வெறும் வரைபடமாக) மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. செதுக்குவதற்கு முன் மாதிரிப் படத்தை அனுப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, ஒப்புதலை வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் தாருங்கள். தனிப்பட்ட ஆர்டரில் செய்த பொருளைப் பொதுவாக யாரும் திரும்பப் பெறுவதில்லை, தவறு யாருடையது என்று காட்ட அந்த ஒப்புதல்தான் கையில் இருக்கும். தானே மையேறும் கைப்பிடி வகையைத் தவிர்த்து, வெறும் ரப்பர்த் தகட்டை மட்டும் கேட்டு வாங்கினால் விரும்பிய மையைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: அட்டைத்தாளின் உறையில் 120, 200, 300 ஜி.எஸ்.எம். என்று எழுதியிருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். மடித்து நிற்க வைக்கும் அட்டைக்கு 250 முதல் 300 வரை பொருத்தம். 120 துவண்டுவிடும், உள்ளே எழுதும் துண்டுத்தாளுக்கு அது போதும். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் ஏ6 அளவில் (105 × 148 மி.மீ.) இரண்டு அட்டைகள் கிடைக்கும். அவற்றுக்கு சி6 உறை (114 × 162 மி.மீ.) சரியாக இருக்கும். தாள் வாங்கும்போதே உறையையும் வாங்கிவிடுவது உத்தமம், பிறகு அளவு தேடி அலைய வேண்டாம்.

மடிப்பில் வெடிப்பு விழுந்தால், தாளின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள் என்று பொருள். இரு பக்கமாகவும் இலேசாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அப்படி மடியுங்கள். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுங்கள். அமிலமற்றது, லிக்னின் (மரக்கூழில் உள்ள, தாளை மஞ்சளாக்கும் பொருள்) அற்றது என்ற குறிப்புகள் உள்ள தாள் எளிதில் மஞ்சளாவதில்லை.

கேள்வி: இப்படிச் செய்த அட்டைகளை விற்கலாமா?

பதில்: முத்திரையில் உள்ள வடிவம் அதை உருவாக்கியவரின் படைப்பு. கையால் பதித்த அட்டைகளை விற்கப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள்; பதிப்பை ஸ்கேன் செய்து அச்சிட்டு விற்பதை வழக்கமாகத் தடை செய்கிறார்கள். சிலர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள், சிலர் தங்கள் பெயரை அட்டையின் பின்புறம் குறிப்பிடச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் அவர்களுடைய நிபந்தனைகளைப் படியுங்கள், எங்கும் காணப்படாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த வாசகத்தைச் செய்து வாங்கினால் இந்தத் தடை இல்லை, ஆனால் பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறதா என்பதை அப்போதும் பார்த்தாக வேண்டும்.